அறுபது தாள்கள், ஒரு கிழவர்: வான்கோவின் கை எப்படித் தேறியது

ஒரு சின்ன அறை, இரண்டு கட்டில். ஒன்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, மற்றது குடியிருக்க வந்தவருக்கு. பெல்ஜியத்தின் போரினாஜ் சுரங்கப் பகுதியில் கூஸ்ம் என்று ஓர் ஊர். வீடு ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியுடையது. 1880 கோடையின் கடைசியில் அந்த அறையில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வரைந்துகொண்டிருந்தவர் வின்சென்ட் வான்கோ. வயது 27. ஓவிய விற்பனைக் கடை, பள்ளி ஆசிரியர் வேலை, புத்தகக் கடை, இறையியல் படிப்பு, சுரங்கத் தொழிலாளர்களுக்கு மதப் பிரசங்கம் என்று எதிலும் கால் ஊன்ற முடியாமல் போன பிறகு, இனி ஓவியம்தான் என்று முடிவெடுத்திருந்தார்.

ஃபிகர் டிராயிங், அதாவது மனித உருவம் வரைதல், கற்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சூரியகாந்திப் பூக்களின் வான்கோ அல்ல. ஒரு மனிதனை நாற்காலியில் ஒழுங்காக உட்கார வைக்கத் தெரியாமல் திண்டாடிய வான்கோ. பெரும்பாலான ஓவியர்களின் மாணவப் பருவம் நமக்குக் கிடைப்பதில்லை. மோசமான படங்களை அவர்களே கிழித்துப் போட்டுவிடுவார்கள். இவருடையது கிடைக்கிறது. தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களில் எந்த மாதம் என்ன வரைந்தார், எதில் தோற்றார், எதைத் திருத்தப் பார்த்தார் என்பதெல்லாம் அநேகமாக முழுசாகவே இருக்கிறது. படங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு மாணவரின் கை தேறுவதை ஆண்டு ஆண்டாகப் பார்க்க இதைவிட நல்ல ஆவணம் நானறிந்து இல்லை.

முதல் படி: பார்த்து வரைதல்

வான்கோ முதலில் செய்த காரியம் கடன் கேட்டது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் தான் முன்பு வேலை பார்த்த கூப்பில் ஓவிய நிறுவனத்தின் மேலாளருக்கு எழுதி, பிரெஞ்சு ஓவியர் ஷார்ல் பார்க் தயாரித்த பயிற்சித் தாள்களை வரவழைத்தார். பார்க், ஓவியர் ழெரோமுடன் சேர்ந்து உருவாக்கிய அந்தப் பாடத்திட்டம் 1866 முதல் 1871 வரை வெளிவந்தது. மூன்று பகுதி, மொத்தம் 197 தாள்கள். முதல் 70 பிளாஸ்டர் வார்ப்புகளைப் பார்த்து வரைவதற்கு, அடுத்த 67 பழைய மேதைகளின் ஓவியங்களைப் பார்த்து வரைவதற்கு, கடைசி 60 ஆடையில்லாத ஆண் உருவங்கள், வெளிக்கோடு மட்டும், கரிக்குச்சிக்கு. வான்கோ எடுத்ததும் கையில் எடுத்தது இந்தக் கடைசி 60ஐ.

இந்தத் தாள்களில் ஒன்றை ஒருமுறை வரைந்து பார்த்தால்தான் அதன் சூட்சுமம் புரியும். தோளிலிருந்து முழங்கை வரை ஏகப்பட்ட மேடு பள்ளம் இருக்கும் இடத்தை பார்க் இரண்டு மூன்று நேர்கோடாகச் சுருக்கிவிடுகிறார். தசையை எண்ணிக்கொண்டிருக்க வழியே இல்லை. அந்தக் கோடு எந்தச் சாய்வில் போகிறது, எங்கே உடைகிறது, இடுப்புக் கோட்டோடு ஒப்பிட்டால் எவ்வளவு நீளம் என்பதை மட்டும் பார்த்தாக வேண்டும். கண்ணுக்கு அளக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை அது.

60 தாள்களையும் கிட்டத்தட்ட இரண்டு வாரத்தில் முடித்தார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதைக்கு மதிப்பில்லை. மறுபடியும் முதல் தாளிலிருந்து தொடங்கினார். அப்புறம் இன்னொரு தடவை. ஓராண்டு கழித்து, 1881 செப்டம்பரில், தியோவுக்கு எழுதும்போது, அந்த 60ஐயும் விடாமல் திரும்பத் திரும்ப வரைந்ததால்தான் அளக்கவும் பார்க்கவும் பெரிய கோடுகளைத் தேடவும் கற்றுக்கொண்டேன் என்கிறார். முன்பு முடியவே முடியாது என்று தோன்றியது இப்போது கொஞ்சம் கொஞ்சமாக முடிகிறது என்றும்.

இடையில் பிரஸ்ஸல்ஸில் சில மாதம் இருந்தார். அங்கே அனாடமி. எலும்புக்கூட்டைப் பெரிய அளவில் ஐந்து தாள்களில் பேனாவால் வரைந்தார்: தலை ஒரு தாள், உடல் ஒரு தாள், கை முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாக, இடுப்பும் காலும் ஒரு தாள். ஐந்தில் இரண்டு கைக்குப் போயிருக்கிறது. குதிரை, மாடு, ஆடு இவற்றின் எலும்பமைப்புப் படங்களுக்குக் கால்நடை மருத்துவப் பள்ளியில் போய்க் கேட்கலாம் என்றும் திட்டம் போட்டார்.

எட்டன்: ஆள் நிற்கிறான், ஆனால் தோண்டவில்லை

1881இல் பெற்றோர் இருந்த எட்டன் கிராமத்துக்கு வந்ததும் உயிருள்ள மாடல்கள் கிடைத்தார்கள். ஸ்பேடு பிடித்துத் தோண்டும் விவசாயியை ஐந்து தடவை வரைந்தேன், விதைப்பவனை இரண்டு தடவை, துடைப்பம் வைத்திருக்கும் பெண்ணை இரண்டு தடவை என்று கணக்குச் சொல்கிறார். உருளைக்கிழங்கு தோல் சீவும் வெள்ளைத் தொப்பிக்காரப் பெண், கோலில் சாய்ந்த மேய்ப்பன், அப்புறம் ஒரு கிழவர்: நோயாளி, கணப்பு அடுப்புப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றி, தலையைக் கைகளில் புதைத்திருப்பவர். இந்தக் கிழவரின் போஸை மறக்க வேண்டாம். இது இரண்டு தடவை திரும்பி வரப்போகிறது.

எட்டன் காலத்து உருவங்கள் அழகாக வரவில்லை என்று ஒளிக்காமல் சொல்லலாம். விறைத்து நிற்கின்றன. வெளிக்கோடு தடித்து, வெட்டி ஒட்டிய அட்டை மாதிரி இருக்கிறது. முக்கியமாக, பெரும்பாலானவர்கள் பக்கவாட்டில் நிற்கிறார்கள். ஏன் என்பது வரைபவர்களுக்குத் தெரியும். பக்கவாட்டுத் தோற்றத்தில் நம்மை நோக்கி நீளும் கை கிடையாது, குறுகித் தெரியும் தொடை கிடையாது. வெளிக்கோட்டைச் சரியாகப் பிடித்தால் பாதி தப்பித்தோம். இன்றைக்கும் என்னிடம் வரும் போர்ட்ஃபோலியோக்களில் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்க்கிறேன். இருபது கேரக்டர்கள் இருக்கும், இருபதும் ஒரே முக்கால் திருப்பத்தில், ஒரே பக்கம் பார்த்து, கையைப் பைக்குள் விட்டபடி. பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை. தெரிந்த பாதையில் கை தானாகப் போகிறது, அவ்வளவுதான்.

தோண்டுபவனை எடுத்துக்கொள்வோம். நம்மூர் மண்வெட்டி வேலை இல்லை அது. நீண்ட காம்புள்ள ஸ்பேடை ஊன்றி, காலால் மிதித்து மண்ணுக்குள் இறக்க வேண்டும். உடம்பின் எடை முழுக்க ஒரு பாதத்தின் வழியாக இரும்புக்குப் போகும் கணம் ஒன்று உண்டு. எட்டன் படங்களில் ஸ்பேடு இருக்கிறது, வளைந்த முதுகு இருக்கிறது, அந்த எடை மட்டும் இல்லை. ஐந்து தடவை வரைந்தும் வரவில்லை. அவர் கடிதத்தில் இயற்கை முதலில் வரைபவனை எதிர்த்துத்தான் நிற்கும் என்ற பொருளில் எழுதுகிறார். அது தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொன்னதில்லை. கைக்குத் தெரிந்த உண்மை.

ஹேக்: ஒரே ஆள், பல பாத்திரங்கள்

1881 கடைசியில் ஹேக் நகரில் ஆண்டன் மாவிடம் பாடம் கேட்டார். மாவ் உறவினர், அப்போதே பெயர் பெற்ற ஓவியர். பிளாஸ்டர் வார்ப்புகளைப் பார்த்து வரை என்றார் அவர். வான்கோவுக்கு வந்ததே கோபம். பிளாஸ்டர் கை கால்களை நிலக்கரித் தொட்டியில் எறிந்து உடைத்தார். உயிருள்ள மனிதர்களின் கை கால்கள் இனி இல்லை என்ற நிலை வந்தால் அப்போது இவற்றை வரைகிறேன் என்று நினைத்துக்கொண்டார். கேட்க வீரமாக இருக்கிறது. ஆனால் இந்த இடத்தில் மாவ் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன். அசையாத, வெளிச்சம் மாறாத ஒரு பொருளில் ஒளி திரும்பும் விதத்தைப் பார்த்துப் பழகியிருந்தால், உருவத்துக்குக் கனம் வருவதற்கு அவர் இன்னும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டியிருக்காது. நாலு வருடம் கழித்து ஆண்ட்வெர்ப் அகாடமியில் அதே மாதிரி வார்ப்புகளுக்கு முன்னால் அவரே விரும்பிப் போய் உட்கார்ந்தார். பழங்காலத்தவரின் உணர்வு எவ்வளவு துல்லியம் என்று வியந்து எழுதினார்.

ஹேக்கில் நல்லதும் நிறைய நடந்தது. 1882 கோடையில் ஒரு சட்டம் செய்து வாங்கினார். மரச் சட்டத்தில் குறுக்கும் நெடுக்கும் மூலைக்கு மூலையும் நூல் கட்டி, உயரத்தை ஏற்றி இறக்கும்படி கால்களில் பொருத்தியது. மணல்மேட்டில் ஊன்றி, ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் அதன் வழியாகப் பார்த்து வரைவார். சிலர் இதைக் குறுக்குவழி என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பார்க் தாள்கள் கற்றுக்கொடுத்த அதே சாய்வுப் பார்வையைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோகும் கருவி அது.

தச்சர்கள் மரத்தில் கோடு போடும் தடித்த பென்சிலுக்கு மாறினார். சொரசொரப்பான கெட்டித் தாளில் அழுத்தி வரைந்து, மேலே பாலையும் தண்ணீரையும் ஊற்றுவார். பென்சிலின் மினுமினுப்பு போய், கறுப்பு வெல்வெட் மாதிரி மங்கி உட்காரும். மெல்லிய பென்சிலில் கோடு கோடாக நினைத்தவர், தடித்த பென்சிலில் பரப்பு பரப்பாக நினைக்க ஆரம்பித்தார். கருவி மாறியதும் கண் மாறிய இடம் இது.

கேரக்டர் டிசைன் கற்பவர்கள் கவனிக்க வேண்டியது இதே ஆண்டின் இலையுதிர் காலத்தை. முதியோர் இல்லத்திலிருந்து ஒரு வழுக்கைத் தலைக் கிழவர் மாடலாக வர ஆரம்பித்தார். வான்கோ அவரை விடாமல் வரைந்தார். உயர்ந்த தொப்பியோடு, குடையோடு, கைத்தடியோடு, காபி குடித்தபடி, பின்பக்கமிருந்து, பக்கவாட்டில். ஆள் ஒருவர்தான். ஆனால் குடையை ஊன்றி நிற்கும்போது வெயிலோ மழையோ வரும் என்று காத்திருக்கும் மனிதர். காபிக் கோப்பையைப் பிடிக்கும்போது அந்த வெதுவெதுப்புக்காகவே பிடித்திருப்பவர். கேரக்டர் முகத்தில் மட்டும் இல்லை. கையில் என்ன இருக்கிறது, அதை எப்படிப் பிடித்திருக்கிறார் என்பதில் முக்கால்வாசி இருக்கிறது.

என் வகுப்பில் இதை அப்படியே பயிற்சியாகக் கொடுக்கிறேன். வீட்டில் ஒருவர், அம்மாவோ தாத்தாவோ யாராக இருந்தாலும் சரி. ஐந்து பொருட்கள். ஒவ்வொன்றையும் கையில் வாங்கும்போது தோள் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்து ஐந்து படம். முகம் வரையக் கூடாது. முதல் வாரம் முனகுவார்கள். மூன்றாம் வாரம் முதுகைப் பார்த்தே யார் என்று மற்றவர்கள் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்.

1883 தொடக்கத்தில், லண்டனிலிருந்து வெளிவந்த ‘தி கிராஃபிக்’ வார இதழின் 21 தொகுதிகளை வாங்கினார். மரச்செதுக்கு அச்சில் வந்த சாதாரண மக்களின் தலைகள், வேலை செய்யும் உருவங்கள் எல்லாம் அவருக்குப் பாடப் புத்தகமாகின. ஒரு பழைய மீனவர் மழைத்தொப்பியைத் தேடிப் பிடித்து, மாடல்களுக்கு மாட்டிவிட்டு வரிசையாகத் தலைகள் வரைந்தார். உடுப்பு, தொப்பி, புகைக்குழாய்: இன்றைக்கு ஒரு கேரக்டர் டிசைனர் செய்வதும் இதேதான்.

இதற்குக் கொஞ்சம் முன்னால், 1882 நவம்பரில், அந்த முதியோர் இல்லத்துக் கிழவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கை முழங்காலில், முஷ்டி முகத்தில். எட்டன் போஸ், ஒரு வருடம் கழித்து. ஒட்டுப்போட்ட உடுப்பும் வழுக்கைத் தலையுமாக ஒரு கிழத் தொழிலாளி எவ்வளவு அழகு என்று வான்கோ எழுதுகிறார். படத்தை லித்தோகிராஃபாக, அதாவது கல் அச்சுப் படமாக, ஏற்றினார். எட்டன் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதில் முதுகின் சுமை தோள் வழியாக முழங்கைக்கு வந்து, முழங்காலில் இறங்கி, காலணி வழியாகத் தரைக்குப் போகிறது. கைகள் முகத்தை மூடியிருப்பதால் உணர்ச்சி காட்ட முகமே இல்லை. எல்லாம் எடையில் இருக்கிறது.

நூனென்: தலைகள் தேறின, உடம்பு தேறவில்லை

1884–85 குளிர்காலத்தில் நூனென் கிராமத்தில் ஒரு இலக்கு வைத்துக்கொண்டார்: 50 விவசாயித் தலைகள். நாற்பதுக்கு மேல் முடித்தார். தடித்த உதடு, துருத்திய தாடை, வெள்ளைத் தொப்பிக்குக் கீழே நிழல். பிறகு 1885 ஏப்ரலில் ‘உருளைக்கிழங்கு உண்போர்’. 82க்கு 114 சென்டிமீட்டர். ஐந்து பேர், ஒரு விளக்கு. தட்டில் வைக்கும் இதே கைகளால்தான் இவர்கள் மண்ணைத் தோண்டினார்கள் என்று சொல்ல விரும்பினேன் என்றார்.

அதே அமைப்பை நினைவிலிருந்து ஒரு லித்தோகிராஃபாகவும் செய்து, நண்பர் ஆண்டன் வான் ராப்பார்டுக்கு அனுப்பினார். மே மாதம் வந்த பதில் சுட்டது. பின்னால் இருக்கும் பெண்ணின் கை ஏன் இவ்வளவு பொய்யாக இருக்கிறது, வலப்பக்கத்து மனிதனுக்கு ஏன் முழங்காலோ வயிறோ நுரையீரலோ இருக்கக் கூடாது, கை ஏன் இவ்வளவு குட்டை, மூக்கில் பாதி எங்கே என்று கேட்டார் ராப்பார்ட். வான்கோ கடிதத்தைத் திருப்பி அனுப்பினார். நட்பு அதன்பின் பழையபடி ஒட்டவில்லை.

தொனியை விடுங்கள். ராப்பார்ட் பார்த்தது சரிதானா? சரிதான். இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமான இடம் இது. நாற்பது தலைகள் வரைந்த கை தலைகளில் தெரிகிறது. அந்த ஐந்து முகங்களையும் யாரும் மறக்க முடியாது. மேஜைக்குப் பின்னால், நாற்காலியில், ஒருவர் மேல் ஒருவர் மறைத்தபடி உட்காரும் உடம்புகளை அவர் அதே அளவு வரைந்திருக்கவில்லை, அதுவும் தெரிகிறது. சித்திரமும் கைப்பழக்கம் என்று சொல்கிறோமே, கை எதைப் பழகியதோ அது மட்டும்தான் வரும். தலை பழகினால் தலை. பக்கத்திலிருக்கும் தோள்பட்டைக்கு அது தானாகப் பரவாது.

அந்தக் கோடையில் என்ன செய்தார் என்பதுதான் விஷயம். ராப்பார்டிடம் தன் படத்துக்காகச் சண்டை போட்டவர், தாளில் முழு உடம்புக்குத் திரும்பினார். பெரிய தாள்களில், கறுப்புச் சாக்பீஸால், அறுவடை செய்பவர்கள், விறகு வெட்டுபவர்கள், கதிர் பொறுக்கும் பெண்கள். பழையபடி வெளிக்கோட்டில் தொடங்கவில்லை. உருவத்தை ஓரத்துக் கோட்டிலிருந்து பிடிக்காதே, நடுவிலிருந்து பிடி என்று பிரெஞ்சு ஓவியர் தெலாக்ருவா சொன்னதாகப் படித்த ஒரு விஷயம் அவரை ஆட்டிவைத்தது. நீள்வட்டமான திரளாக உடம்பைத் தொடங்கி, கோடு கடைசியில் வரட்டும் என்ற முறை.

கதிர் பொறுக்கும் பெண் ஒருத்தியைப் பின்பக்கமிருந்து வரைந்திருக்கிறார். முகம் இல்லை, கிட்டத்தட்டத் தலையும் இல்லை. குனிந்த இடுப்பு, மணி மாதிரி விரிந்து நிற்கும் பாவாடை, அதன் அடியில் இரண்டு கனத்த காலணிகள். பாவாடை மடிப்புகளின் கோடுகள் உடம்பைச் சுற்றிப் போகின்றன. உள்ளே ஒரு முழு உடம்பு இருக்கிறது என்று கண் நம்புகிறது. எட்டனின் அட்டை உருவத்திலிருந்து இந்தப் பாவாடை வரை நாலு வருடம்.

1885 ஜூலையில் எழுதிய கடிதத்தில்தான் மாணவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் அந்த வாக்கியம் வருகிறது: என் உருவங்கள் இலக்கணப்படி சரியாக இருந்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும், தோண்டுபவனைப் புகைப்படம் எடுத்தால் அவன் நிச்சயம் தோண்ட மாட்டான் என்ற கருத்து. இதை அளவு தெரியாமல் வரைவதற்கு அனுமதிச் சீட்டாக நீட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. 60 தாள்களைப் பலமுறை முடித்து, சட்டம் வைத்து அளந்து, எலும்புக்கூடு வரைந்து, ஐந்து தடவை தோண்டுபவனில் தோற்ற ஒருவர் சொன்னது அது. எந்த அளவை எங்கே மீறினால் ஸ்பேடு மண்ணில் இறங்கும் என்று தெரிந்தவரின் பேச்சு.

அதற்கப்புறம்

செப்டம்பரில், ஊர்ப் பாதிரியார் யாரும் மாடலாகப் போகக் கூடாது என்று தடுத்துவிட்டார். வான்கோ நவம்பரில் ஆண்ட்வெர்ப் போனார். 1886 ஜனவரியில் அகாடமியில் சேர்ந்தார், ஆசிரியர்களோடு ஒத்துப்போகவில்லை. இரவில் மாடல் வைத்து வரையும் குழுக்களிலும் போய் உட்கார்ந்தார். பிப்ரவரி கடைசியில் பாரிஸ். நிறம் வந்து எல்லாவற்றையும் மாற்றிய கதை வேறு, அதை இங்கே தொடவில்லை.

1890 மே மாதம், சேன் ரெமி மருத்துவமனையில், எட்டு வருடத்துக்கு முந்தைய தன் லித்தோகிராஃபை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கிழவர் போஸை மூன்றாவது தடவையாக வரைந்தார். இந்தத் தடவை எண்ணெய் வண்ணத்தில், நீல உடுப்பில். போஸ் அதேதான். முழங்கை முழங்காலில், முஷ்டி முகத்தில்.

அடுத்த மாதம், பாரிஸ் பக்கத்து ஓவேர் என்ற ஊரிலிருந்து தியோவுக்கு ஒரு கடிதம். பார்க்கின் அந்த ஆடையில்லாத உருவங்களை மறுபடி வரைய வேண்டும், புத்தகத்தைக் கடனாக அனுப்பு என்று கேட்கிறார். உடம்பின் அளவுகளைத் தொடர்ந்து படிக்காவிட்டால் பின்னால் கஷ்டப்படுவேன், இதை வீண் வேலை என்று நினைத்துவிடாதே என்கிறார். 60 தாள்களுக்கும் சேர்த்து ஒரு மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கூஸ்மில், ஒன்றும் தெரியாத காலத்தில், அதே 60க்கு அவர் எடுத்துக்கொண்டது இரண்டு வாரம்.